வருந்த முடியாதவரின் மனஸ்தாபம்

கிரஹாம் கிரீனின் 'தி பவர் அண்ட் தி குளோரி' நாவலை ஜான் ஃபோர்ட் 1947இல் 'தி ஃபியூஜிட்டிவ்' என்ற பெயரில் படமாக எடுத்தார். ஹென்றி ஃபோண்டாதான் பாதிரியார். நாவலில் அந்தப் பாதிரியார் குடிகாரர், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். படத்தில் அவர் பயந்த சுபாவம் உள்ளவர், ஆனால் மாசற்றவர். அப்படியென்றால் குழந்தை? அதற்குத் தகப்பன் அவரைத் துரத்தி வரும் போலீஸ் அதிகாரி! அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் ஒரு பாதிரியாரை அப்படிக் காட்ட விடாது. அதனால் பாவத்தை இவரிடமிருந்து எடுத்து நாத்திகன் தலையில் கட்டிவிட்டார்கள். படம் பார்க்க அழகாக இருக்கும். ஒளியும் நிழலும் பிரமாதம். ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் நாவலில் உயிர் எங்கே இருந்தது என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது. எதை வெட்டினார்களோ அங்கேதான் இருந்தது.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக 'பாவியான ஒருவர் கடைசியில் தியாகியாகும் கதை' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குடிகாரன் திருந்தினான், கடவுள் மன்னித்தார். நம் மேடைப் பிரசங்கங்களில் இந்த மாதிரி சாட்சியங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் கிரீன் எழுதியது அது இல்லை. இந்தப் பாதிரியார் திருந்தவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், அவரால் மனம் வருந்தவே முடியவில்லை. தான் செய்த பாவங்களிலேயே பெரிய பாவத்துக்கு வருந்த முடியாமல்தான் சாகிறார்.

முதலில் களம். 1926இல் மெக்சிகோவின் அதிபர் காயேஸ் திருச்சபைக்கு எதிரான சட்டங்களைக் கடுமையாக்கினார். அதை எதிர்த்து எழுந்த கிறிஸ்தேரோ போர் மூன்று ஆண்டுகள் நடந்தது. தபாஸ்கோ மாநிலத்தின் கதை இன்னும் மோசம். அங்கே ஆளுநராக இருந்த தோமாஸ் கரீதோ கனபால் கோயில்களை இடித்தார், மதுவைத் தடை செய்தார், பாதிரியார்கள் திருமணம் செய்துகொண்டால்தான் அங்கே இருக்கலாம் என்றார். கிரீன் 1938இல் அங்கே போனார். கரீதோ அதற்குள் பதவி இழந்துவிட்டிருந்தார். இடிபாடுகள் மட்டும் மிச்சம். அந்தப் பயணத்தில் ஒரு குடிகாரப் பாதிரியாரைப் பற்றிக் கேள்விப்படுகிறார். ஒருவர் தன் மகனை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோனாராம். பாதிரியார் போதையில் பையனுக்கு 'பிரிஜிட்டா' என்று பெண் பெயரை வைத்தே தீருவேன் என்று அடம்பிடித்தாராம். பயண நூலில் இது ஒரு வேடிக்கைத் துணுக்கு, அவ்வளவுதான். 1940இல் வெளிவந்த நாவலில் பாதிரியாரின் மகளுக்கு அதே பெயர்.

(இடையில் ஒன்று. நம் வாசகர்களில் பலருக்கு கிரீன் என்றால் 'தி கொயட் அமெரிக்கன்', வியட்நாம். அதற்கு முன் அவசரகால மலாயாவுக்கும் வந்திருக்கிறார். அவருடைய தம்பி ஹியூ கிரீன் இங்கே அரசாங்கத்தின் பிரச்சாரப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். மலாயாவிலிருந்து அவருக்கு ஒரு நாவல் கிடைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.)

இப்போது கத்தோலிக்கரல்லாத வாசகருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த நாவலின் நெருக்கடி பிடிபடாது. 'கடவுள் கருணையுள்ளவர், எல்லாரையும் மன்னிப்பார், பிறகு இவருக்கு என்ன கஷ்டம்?' என்றுதான் தோன்றும். கத்தோலிக்க முறையில் மன்னிப்புக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பாவத்துக்கு மனம் வருந்த வேண்டும், குருவிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். 1551இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் இதை வரையறுத்தபோது வருத்தத்தையே இரண்டாகப் பிரித்தது. கடவுள்மேல் உள்ள அன்பினால் வரும் வருத்தம் ஒன்று. நரக பயத்தினாலோ பாவத்தின் அசிங்கத்தினாலோ வரும் வருத்தம் இன்னொன்று. நம் பழைய ஞானோபதேசப் புத்தகங்கள் முதலாவதை உத்தம மனஸ்தாபம் என்றும், இரண்டாவதை அற்ப மனஸ்தாபம் என்றும் சொல்லும். அற்ப மனஸ்தாபம் இருந்தாலும் போதும், ஆனால் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். குரு கிடைக்காத இடத்தில் சாகப்போகிறவனுக்கு உத்தம மனஸ்தாபம் ஒன்றுதான் வழி.

அந்தப் பழைய தமிழ் எனக்குப் பிடிக்கும். 'மனஸ்தாபம்' என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம்? "அண்ணனுக்கும் தம்பிக்கும் கொஞ்சம் மனஸ்தாபம், ரெண்டு வருசமா பேச்சுவார்த்தை இல்ல." அதாவது இரண்டு பேருக்கு நடுவில் வரும் கசப்பு. கோயில் தமிழில் அதே சொல் பாவத்துக்காக மனம் நொந்து வருந்துவதைக் குறிக்கிறது. ஒரே சொல்லில் சண்டையும் இருக்கிறது, சண்டைக்குப் பிறகு வரும் வலியும் இருக்கிறது. இன்று 'ஒப்புரவு' என்கிறார்கள். நல்ல குறள் சொல்தான். ஆனால் மனஸ்தாபத்தில் இருக்கும் சூடு அதில் இல்லை.

தபாஸ்கோவின் சதுப்பு நிலங்களில் ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பாதிரியாருக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய இன்னொரு குரு இல்லை. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள், அல்லது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மிச்சம் இருக்கும் ஒருவர் பாதர் ஹோசே. அரசாங்கம் சொன்னபடி கல்யாணம் செய்துகொண்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு, தெருப்பிள்ளைகளின் கேலிக்கு ஆளாகி வாழ்கிறவர். ஆக, நம் பாதிரியாருக்கு உத்தம மனஸ்தாபம்தான் கதி. அதுதான் வரமாட்டேன் என்கிறது. ஏன்? தனிமையில், பயத்தில், போதையில் மரியா என்ற பெண்ணோடு ஒருமுறை தவறினார். அதில் பிறந்தவள் பிரிஜிட்டா. நடந்தது நடந்திருக்கக் கூடாது என்று மனதார விரும்புவதுதானே வருத்தம்? அது நடந்திருக்காவிட்டால் இவள் இல்லை. இவள் இல்லாமல் போகட்டும் என்று எந்தத் தகப்பன் விரும்புவான்?

இதற்குப் பதில் எந்த உபதேசியாருக்கும் தெரியும். 'பாவத்தை வெறு, பிள்ளையை நேசி.' வேதசாஸ்திரப்படி இது சரி, சிக்கலே இல்லை. ஒரு விவசாயி வந்து இதே குழப்பத்தைச் சொல்லியிருந்தால் பாதிரியாரும் இதைத்தான் சொல்லி, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பியிருப்பார். தனக்கென்று வரும்போது அந்தக் கத்தி வெட்டவில்லை. கிரீன் இந்த இடத்தில் வேதசாஸ்திரத்தோடு வாதாடவில்லை. பாதிரியாரும் திருச்சபை தவறு என்று ஒருபோதும் நினைக்கவில்லை. சட்டம் சரி, தான்தான் அதற்கு வெளியே நிற்கிறோம் என்று நம்புகிறார். நாவலின் பலம் இதில்தான் இருக்கிறது. திருச்சபையைத் திட்டும் புத்தகமாக இது இருந்திருந்தால் ஒருநாள் வாசிப்போடு முடிந்திருக்கும்.

நாவலின் மையம் என்று நான் நினைப்பது கிராமத்துக் குப்பைமேட்டுக் காட்சி. போலீஸ் வந்து போயாயிற்று; இவருக்குப் பதிலாக ஒரு கிராமத்தானைப் பிணைக்கைதியாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மரியா இவரை ஊரைவிட்டுப் போகச் சொல்கிறாள். போகும் வழியில், குப்பைமேட்டில் மகளைப் பார்க்கிறார். ஏழு வயதுகூட ஆகாத பெண், ஆனால் அதற்குள் முகத்தில் ஒரு கிழட்டுத்தனம், உலகத்தின் கெட்டதெல்லாம் தெரிந்த மாதிரி ஒரு இளிப்பு. அவளிடம் கெஞ்சுகிறார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் அந்தச் செபம். என்னை எப்படி வேண்டுமானாலும் சாகடி, மனஸ்தாபம் இல்லாமல், பாவ நிலையிலேயே, ஆனா இவளை மட்டும் காப்பாற்று. அவர் கேட்பதன் சாரம் இதுதான்.

கத்தோலிக்கக் கணக்கில் இதைவிடப் பெரிய விலை கிடையாது. மனஸ்தாபமில்லாத சாவு என்றால் நித்திய நரகம். உயிரைக் கொடுக்கிறவர்கள் உண்டு. இவர் ஆன்மாவையே கொடுக்கிறார். ஆனால் இந்தச் செபத்தைக் கேட்டதும் வேதாகமம் தெரிந்தவர்களுக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். பொற்கன்றுக்குட்டியை வணங்கிய சனங்களை மன்னி, இல்லாவிட்டால் உன் புத்தகத்திலிருந்து என் பெயரையே எடுத்துவிடு என்று கடவுளிடம் பேரம் பேசிய மோசே. தன் சொந்த இனத்தாருக்காகக் கிறிஸ்துவிடமிருந்து பிரிந்து சாபமாகவும் தயார் என்று ரோமருக்கு எழுதிய பவுல். கடவுளிடமிருந்து ஆகத் தொலைவில் இருப்பதாக நினைக்கும் குடிகாரர், குப்பைமேட்டில் மண்டியிட்டு மோசேயின் செபத்தைச் செய்துகொண்டிருக்கிறார். அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதிலும் ஒரு கர்வம் வந்து கெட்டிருக்கும்.

கருணை என்றால் நீதிபதி தண்டனையைக் குறைப்பது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். கிரீன் காட்டுவது வேறு. இந்தத் தகப்பன் அந்தக் கெட்டுப்போன சிறுமியைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதுதான் கருணை. அவள் நல்லவளாகட்டும், பிறகு நேசிக்கிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை. கடைசி இரவில் அவரே யோசிக்கிறார்: இந்த ஒருத்திமேல் இருக்கும் பாசம் உலகத்தின் ஒவ்வொரு ஆன்மாமேலும் இருந்திருக்க வேண்டும், தனக்கு இல்லையே என்று. அதையும் தன் குற்றப் பட்டியலில்தான் சேர்க்கிறார். ஆனால் வாசகனுக்கு அங்கே ஒன்று திறக்கிறது. கடவுள் உலகத்தை எப்படிப் பார்க்கிறார் என்பதை இவருக்குக் கற்றுக்கொடுத்தது குருமடம் அல்ல, அந்தப் பாவத்தில் பிறந்த குழந்தை.

ஃபோர்ட் எதை வெட்டினார் என்று இப்போது தெரிகிறதல்லவா.

சிறைக் காட்சியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிராந்தி வைத்திருந்த குற்றத்துக்காகப் பிடிபட்டு, இருட்டில், மூத்திர நாற்றத்தில், காலை நீட்ட இடமில்லாத கொட்டடியில் ஓர் இரவு. தான் பாதிரியார் என்று அவராகவே சொல்லிவிடுகிறார். தலைக்கு விலை இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அதே கொட்டடியில் ஒரு பக்தியான பெண்மணி, வீட்டில் செபப்புத்தகம் வைத்திருந்ததற்காக உள்ளே வந்தவள். இருட்டில் ஒரு சோடி கூடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டு அவள் அருவருக்கிறாள், பாதிரியார் அதைக் கண்டிக்க வேண்டும் என்கிறாள். அவர் கண்டிக்கவில்லை. அவளுக்குக் கோபம். இந்த மாதிரி குருக்களைப் பற்றி ஆயருக்கு எழுதப் போவதாக மிரட்டுகிறாள்.

இங்கே எனக்குக் கிரீனோடு ஒரு சண்டை இருக்கிறது. குடிகாரனுக்கும் கொலைகாரனுக்கும் அள்ளி அள்ளிக் கொடுக்கும் பரிவை அவர் இந்தப் பெண்ணுக்குக் கிள்ளிக்கூடக் கொடுக்கவில்லை. அவளும் விசுவாசத்துக்காகத்தானே உள்ளே இருக்கிறாள்? விடிந்தால் அவளுக்கு என்ன ஆகும்? பாதிரியார் அவள்மீதும் பரிவு கொள்ள முயல்கிறார். யாரையும் வெறுப்பது கற்பனை வறண்டுபோவதால்தான் என்ற பொருள்பட ஓரிடத்தில் நினைக்கிறார். அழகான எண்ணம். ஆனால் நாவலாசிரியர் அதைக் கடைப்பிடிக்கவில்லை. சுயதிருப்தியுள்ள பக்தர்கள் கிரீனுக்கு எப்போதும் இளப்பம். மரியாவும் அப்படித்தான், அவள் மனதுக்குள் கதை ஒருதடவைகூடப் போகவில்லை. இவருடைய பாவத்தில் பாதி அவளுடையது இல்லையா? அவள் யாரிடம் போய் வருந்துவாள்? நாவலுக்கு இந்தக் கேள்வியே தோன்றவில்லை.

மலை தாண்டி அடுத்த மாநிலத்துக்குப் போனதும் நடப்பது இன்னும் நுட்பம். அங்கே பாதுகாப்பு உண்டு. லெர் என்ற ஜெர்மானிய-அமெரிக்க லுத்தரன் அண்ணன் தங்கையின் வீட்டில் தங்குகிறார். சுத்தமான படுக்கை, நல்ல சாப்பாடு. சனங்கள் பூசைக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வருகிறார்கள். இரண்டு மூன்று நாள்தான். பழைய குரல் திரும்பி வந்துவிடுகிறது. ஞானஸ்நானத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று பேரம் பேச ஆரம்பித்துவிடுகிறார்! துரத்தப்பட்டபோது இருந்த தாழ்மை, நிம்மதி வந்ததும் போயே போச்சு. பாவசங்கீர்த்தனம் சொல்ல வாய்ப்பு வெகு அருகில் இருக்கும்போதுதான் அவர் கடவுளைவிட்டு வேகமாக நழுவுகிறார். பக்தி வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு கசப்பான, இவ்வளவு உண்மையான அவதானிப்பை நான் வேறெங்கும் அதிகம் வாசித்ததில்லை.

அங்கிருந்துதான் திரும்புகிறார். அவரைக் காட்டிக்கொடுக்கத் துடிக்கும் மெஸ்டிசோ தேடி வந்து, குண்டடிபட்ட ஓர் அமெரிக்கக் கொள்ளைக்காரன் பாவசங்கீர்த்தனம் செய்ய குருவைக் கேட்பதாகச் சொல்கிறான். பொறி என்று பாதிரியாருக்குத் தெரியும். தெரிந்தே போகிறார். போனால் அந்தக் கொள்ளைக்காரன் வருந்த மறுக்கிறான். "நீ தப்பிச்சுப் போ, என் துப்பாக்கிய எடுத்துக்கோ" என்ற ரீதியில்தான் பேசுகிறான். அப்படியே சாகிறான். மனஸ்தாபத்துக்காக உயிரைக் கொடுக்க வந்தவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: சாகும் தறுவாயில் அவன் தன்னைப் பற்றி நினைக்கவில்லை, இன்னொருவன் தப்பிக்க வேண்டும் என்று நினைக்கிறான். குப்பைமேட்டில் பாதிரியார் செய்ததும் அதுதானே?

இந்த இடத்தில் எண்டோவின் 'மௌனம்' நாவலோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. 1966இல் வந்த அந்த நாவலில் கிச்சிஜீரோ ஒவ்வொரு முறையும் காட்டிக்கொடுப்பான், ஒவ்வொரு முறையும் ஓடிவந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு அழுவான். அருவருப்பாக இருக்கும், ஆனால் விட முடியாது. கிரீனின் மெஸ்டிசோ அந்த அளவுக்கு வளரவில்லை. மஞ்சள் பற்களோடு நடமாடும் யூதாஸாக நின்றுவிடுகிறான். தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான இன்னொரு மனந்திரும்புதல் ரஸ்கோல்னிகவுடையது, எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் நம்மில் பலர் வாசித்தது. நாற்சந்தியில் மண்டியிட்டு மண்ணை முத்தமிடுகிற அந்தக் கண்ணீரின் விடுதலை கிரீனிடம் கிடையாது. தஸ்தயேவ்ஸ்கியில் வருத்தம் வெள்ளம்போல் வரும். இங்கே வறண்ட கிணறு.

திருச்சபை இந்தப் புத்தகத்தை எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிடலாம். 1953இல் ரோமாபுரியின் திருஅலுவலகம் கர்தினால் பிட்சார்தோவின் கையெழுத்தில் நாவலைக் கண்டித்தது. திருத்தி எழுதச் சொன்னது. பதிப்புரிமை பதிப்பாளர்களிடம் இருக்கிறது, என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கிரீன் நழுவினார். அப்போது வத்திக்கானுக்குள்ளேயே நாவலுக்காகப் பரிந்து பேசியவர் மொந்தீனி. அவர்தான் பிறகு ஆறாம் பவுல் பாப்பரசர் ஆனார். 1965இல் கிரீன் அவரைச் சந்தித்தபோது, உங்கள் எழுத்தில் சில பகுதிகள் சில கத்தோலிக்கர்களை எப்போதும் புண்படுத்தும், அதைப் பெரிதுபடுத்தாதீர்கள் என்று சொன்னாராம். பிட்சார்தோவுக்கு நாவல் புரியவில்லை என்று நான் நினைக்கவில்லை. வருந்தாமல் செத்த ஒருவனைப் புனிதன்போலக் காட்டினால் பாவசங்கீர்த்தனத் தொட்டி எதற்கு என்ற கேள்வி வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நியாயமான பயம். ஆனால் நாவல் தொட்டியை உடைக்கவில்லை. கடைசி இரவு வரை அதற்காகவே ஏங்குகிறது.

அந்த இரவைப் பாருங்கள். நாளைக் காலையில் சாவு. பிடித்து வைத்திருக்கும் லெப்டினன்ட் கடவுளையும் குருக்களையும் வெறுப்பவன். ஆனால் கைதி கேட்டதற்காக, சட்டத்தை மீறி, அவனே பாதர் ஹோசேயின் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுகிறான். மனைவி விடவில்லை, ஹோசேயும் பயந்து கதவுக்குப் பின்னால் நின்றுவிடுகிறார். லெப்டினன்ட் ஒரு பிராந்தி பாட்டிலோடு திரும்பி வருகிறான். குரு வரவில்லை, நாத்திகன் வந்தான். பாதிரியார் தனியாக உட்கார்ந்து, குடித்துக்கொண்டே, தன் பாவங்களைத் தனக்கே சொல்லிப் பார்க்கிறார். வார்த்தைகள் வெறும் வார்த்தைகளாக விழுகின்றன. திரும்பத் திரும்ப மகளிடம் போய் முட்டிக்கொள்கிறார். விடிகிறது. அந்த நேரத்தில் நரகத்தைப் பற்றி அவருக்குப் பயம் இல்லை. அப்படியென்றால் அற்ப மனஸ்தாபமும் போயிற்று. இருப்பதெல்லாம் ஒரு பெரிய ஏமாற்றம்: ஒன்றுமே செய்யாமல், வெறுங்கையோடு அவரிடம் போகிறோமே என்று.

ஞானோபதேசம் படித்தவர்கள் அந்த ஏமாற்றத்தை எந்த வகையில் சேர்ப்பார்கள்? நரக பயம் இல்லை, பாவத்தின் அருவருப்பும் இல்லை. நேசிக்கும் ஒருவர் வீட்டுக்குச் சும்மா கையை வீசிக்கொண்டு போகிறவனின் கூச்சம். இதற்குத்தான் உத்தம மனஸ்தாபம் என்று பெயர் என்பது என் வாசிப்பு. அவருக்கு அது தெரியவில்லை, கிரீனும் சொல்லவில்லை. சொல்லாததுதான் நல்லது. கடைசி அத்தியாயத்தில் அதே ஊருக்குப் புதிதாக ஒரு குரு ரகசியமாக வந்து கதவைத் தட்டுவதும், சிறுவன் லூயிஸ் அவர் கையை முத்தமிடுவதும் எனக்கு உவப்பில்லை. திருச்சபை தொடர்கிறது என்று நமக்கு ஆறுதல் சொல்ல கிரீன் அவசரப்பட்டுவிட்டார்.

அந்த லூயிஸின் அம்மா நாவல் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வேதசாட்சியின் கதையை வாசித்துக்கொண்டிருப்பாள். அந்தக் கதையின் நாயகன் துப்பாக்கிகளுக்கு முன்னால் கிறிஸ்து அரசர் வாழ்க என்று முழங்கிச் சாவான். 1927இல் சுடப்பட்ட மிகேல் புரோ என்ற உண்மையான குருவும் அப்படித்தான் செத்தார். நம் பாதிரியாரின் சாவை நாம் டெஞ்ச் என்ற பல் மருத்துவரின் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். கால் துவண்ட ஒரு சின்ன மனிதரை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்துகிறார்கள். கையை ஆட்டி என்னவோ சொல்லப் பார்க்கிறார். வாய் உலர்ந்துவிட்டது போல. 'மன்னிச்சிக்குங்க' என்கிற மாதிரி ஒரே ஒரு சொல்தான் டெஞ்சுக்குக் கேட்கிறது. யாரிடம் சொன்னார், சிப்பாய்களிடமா, கடவுளிடமா, தெரியாது. அதற்குள் துப்பாக்கிகள் வெடித்துவிடுகின்றன. ஜன்னலுக்கு இந்தப் பக்கம், நாற்காலியில், போலீஸ் தலைவர் வாயைத் திறந்தபடி பல் வலியில் முனகிக்கொண்டிருக்கிறார்.